ஓடுகிற ஓடையில் மெதேன் உண்டாகுமா?

11.02.2024, கேள்வி (ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்)

மெதேன் என்பது சதுப்பிலும் நெல்வயலிலும் குப்பைமேட்டிலும் உண்டாகும் வாயு. எங்கள் மலைநாட்டு ஓடைகள் கல்லில் மோதி ஓடுகின்றன, நீரும் குளிர்ந்தது. டவுனுக்குப் பின்னால் போகும் ஓடை நாறுவது உண்மைதான். ஆனால் அது கழிவுநீர்ப் பிரச்சினை, காலநிலைப் பிரச்சினை அல்ல. மலையக நகரங்களின் ஓடைகளில் மெதேனைத் தேடுவது வீண் வேலை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதவும்.

11.02.2024, இரவு

கேள்வியில் பாதி சரி. மெதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஆர்க்கியா என்ற தனி வகையைச் சேர்ந்தவை. ஒட்சிசன் படும் இடத்தில் அவற்றால் இந்த வேலையைச் செய்ய முடியாது. கல்லில் மோதி நுரைத்து ஓடும் நீரில் ஒட்சிசன் நிறைந்திருக்கும் என்பதும் உண்மை.

ஆனால் நீர் மட்டும் ஓடை ஆகிவிடாது. அடியில் கிடக்கும் சேறும் ஓடையைச் சேர்ந்ததுதான். சேதனப் பொருள் (இலை, உணவு, மலம் போன்ற உயிர்க் கழிவு) மிகுந்த சேற்றுக்குள் ஒட்சிசன் சில மில்லிமீற்றருக்கு மேல் இறங்குவதில்லை. மேற்பரப்பிலுள்ள பற்றீரியாக்களே அதைத் தீர்த்துவிடுகின்றன. அதற்குக் கீழே நைத்திரேற்று, மங்கனீசு, இரும்பு, சல்பேற்று என்று ஒவ்வொன்றாகத் தீர்ந்த பிறகு, எஞ்சியிருக்கும் அசற்றேற்றையும் ஐதரசனையும் கொண்டு வாழும் உயிர்கள் மெதேனை வெளிவிடுகின்றன. மேலே நீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஒரு சாண் ஆழச் சேறு தேங்கிய இடத்தில் இவ்வளவும் நடந்துவிடும்.

நான் 31 ஆண்டுகள் இரசாயனம் கற்பித்தவன். நுவரெலியாவிற்குக் கீழே ஒரு சிறு டவுனில், ஓடையை ஒட்டிய வீட்டில் இருக்கிறேன். பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள மதகின் அடியில் நீர் தேங்கும் குழியில் தடியை ஊன்றினால், கறுப்புச் சேற்றிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாக எழுகின்றன. 1776-இல் இத்தாலியரான அலெசாந்துரோ வோல்ட்டா, மஜோரே ஏரியின் கரைச் சேற்றைத் தடியால் கிளறி எழுந்த குமிழிகளைச் சேகரித்துத்தான் மெதேனை இனங்கண்டார். அவர் செய்த காரியத்தை எங்கள் மதகடியில் இன்றைக்கும் செய்யலாம்.

காபனீரொட்சைட்டைவிட 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது. ஆகவே வீண் வேலை என்று தள்ள முடியாது.

12.02.2024, காலை

இரண்டு விடயங்களை நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

குமிழியைப் பிடித்துத் தீக்குச்சி உரசிப் பார்க்க எவரும் முயல வேண்டாம். குறிப்பாகப் பிள்ளைகளை விட வேண்டாம். அது எரியும்.

மற்றது, மெதேனுக்கு மணமே இல்லை. ஓடை நாறுவதற்கு ஐதரசன் சல்பைட்டும் அமோனியாவும் வேறு சில சேர்வைகளும் காரணம். நாற்றம் வந்தால் சேற்றில் ஒட்சிசன் இல்லை என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் எதையும் அந்த நாற்றம் சொல்லாது. நாறாத இடத்திலிருந்தும் மெதேன் வரும். வாசகர் நாற்றத்தை வைத்துக் கழிவுநீர்ப் பிரச்சினை, காலநிலைப் பிரச்சினை என்று இரண்டாகப் பிரித்தார். இரண்டும் ஒரே சேற்றிலிருந்துதான் எழுகின்றன.

18.02.2024

இன்று ஓடையை மேலிருந்து கீழாக நடந்து பார்த்தேன். பழைய மாணவர்கள் இருவர் துணைக்கு வந்தார்கள். ஒரு பிளாஸ்ரிக் புனலைக் கவிழ்த்து நீருக்குள் வைத்து, அதன் குழாயின் மேல் நீர் நிறைந்த போத்தலைத் தலைகீழாகப் பொருத்தினால், எழுகிற குமிழிகள் போத்தலுக்குள் சேர்ந்து நீரைக் கீழே தள்ளும். கருவி இவ்வளவுதான். கரைந்துள்ள ஒட்சிசனை விங்கிளர் முறையில், பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்வது போலவே பார்த்தோம்: நீரில் சில கரைசல்களைச் சேர்த்தால் ஒரு வீழ்படிவு உண்டாகும்; அது எவ்வளவு கபிலமோ அவ்வளவு ஒட்சிசன்.

முதலில் தோட்டத்துப் பீலிக்கரை. லயங்களுக்கு மேலே, காட்டிலிருந்து நீர் இறங்கும் இடம். அடி முழுதும் கூழாங்கற்களும் பருமணலும். கல்லைப் புரட்டினால் அடியில் மூன்று வால் கொண்ட பூச்சிக்குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. புனலில் அரைமணி நேரம் ஒரு குமிழி கூட இல்லை. விங்கிளர் வீழ்படிவு கடும் கபிலம்; ஒட்சிசன் நிறைவாக இருக்கிறது.

அடுத்தது மரக்கறித் தோட்டங்கள். லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு. சரிவில் மேலிருந்து கீழாகவே பாத்தி போட்டிருக்கிறார்கள். கரட் கழுவும் இடத்தில் ஓடை சில நூறு அடிகளுக்குச் செந்நிறமாகிவிடுகிறது. அந்த இடத்தில் கல்லைக் கையால் தேடிப் பார்த்தேன். கற்கள் இருக்கின்றன, ஆனால் கற்களுக்கிடையிலான இடைவெளி முழுதும் நுண்மண்ணால் அடைபட்டிருக்கிறது. இந்த இடைவெளிதான் ஓடையின் மூச்சு என்று நினைக்கிறேன். பருக்கன் படுகையில் நீர் கற்களுக்குள் புகுந்து சிறிது தூரம் அடியாக ஓடி மறுபடி மேலே வரும். போகும் வழியெல்லாம் ஒட்சிசனைக் கொண்டுபோகும். நுண்மண் அடைத்துவிட்டால் அந்த வழி மூடிவிடும். மேலே ஓடும் நீர் தெளிவாக இருந்தாலும் அடி மூச்சடைத்துப்போகிறது. இங்கே புனலில் மூன்று நான்கு குமிழிகள் சேர்ந்தன.

டவுனுக்குள் நுழையும் இடத்தில் இருபுறமும் வீடுகளும் கடைகளும். சமையல் நீர், சலவை நீர், தேநீர்க்கடைகளின் சாயம் எல்லாம் கான் வழியாக வந்து விழுகின்றன. மலசலகூடக் குழிகள் ஓடைக்கு மேலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. குழியின் கசிவு எங்கே போகும் என்று சரிவைப் பார்த்தாலே தெரியும்.

பிறகு மதகடிக் குழி. மதகின் வாயில் பொலித்தீனும் மரக்கிளையும் சிக்கி ஒரு சிறு அணைபோல நிற்கின்றன. அதன் பின்னால் நீர் தேங்கி, முழங்கால் அளவுக்குக் கறுப்புச் சேறு. இரும்பு சல்பைட்டின் கறுப்பு அது. சேற்றின் மேல் சிவப்புப் புழுக்கள் நெளிகின்றன. அவற்றின் சிவப்பு, நம் குருதியில் உள்ளது போன்ற ஈமோகுளோபினால் வந்தது. ஒட்சிசன் குறைந்த இடத்தில் உயிர்வாழ உதவுவதும் அதுவே. பீலிக்கரைப் பூச்சிக்குஞ்சு ஒன்று கூட இங்கே இல்லை. புனலைக் கவிழ்த்த அரைமணி நேரத்துக்குள் போத்தலின் கழுத்து முழுதும் வாயு நிறைந்துவிட்டது. அதுவும் நாங்கள் தடியால் தொடாமலேயே. (சேற்று வாயுவில் மெதேனோடு நைதரசனும் காபனீரொட்சைட்டும் கலந்திருக்கும். போத்தலில் இருந்தது முழுவதும் மெதேன் என்று எவரும் எழுத வேண்டாம்.)

அதற்குக் கீழே ஓடை ஒரு பாறைச் சரிவில் விழுகிறது. விழுந்த பிறகு நாற்றம் இல்லை. விங்கிளர் வீழ்படிவு மறுபடியும் கபிலம். ஓடை தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொண்டுவிட்டது.

மேலிருந்து கீழ்வரை ஒரே ஓடை, ஒரே நீர், ஏறத்தாழ ஒரே வெப்பநிலை. இடத்துக்கு இடம் மாறியது படுகை மட்டும். வாசகரின் கேள்விக்கு என் விடை இதுதான்: ஓடை எந்த மலையில் இருக்கிறது என்று கேட்பதை விட, அதன் அடியில் என்ன கிடக்கிறது என்று கேட்க வேண்டும்.

19.02.2024

"நீர் குளிர்ந்திருந்தால் ஒட்சிசன் அதிகம் கரையும் அல்லவா, அதுவே மலைநாட்டுக்குப் பாதுகாப்பு அல்லவா" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவ்வளவு எளிதாக இல்லை.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். நுவரெலியாவில் அதே குளிர்ந்த நீரில் 8 மில்லிகிராம் அளவே கரையும். கொழும்பில் 28 பாகை நீரில் ஏறத்தாழ 7.8 மில்லிகிராம். குளிரால் கிடைக்கும் நன்மையின் பெரும்பகுதியை உயரம் எடுத்துக்கொண்டுவிடுகிறது. கொழும்புக் கால்வாயை விட எங்கள் ஓடைக்கு ஒட்சிசன் கையிருப்பு அதிகம் என்று நிம்மதியடைய ஒன்றுமில்லை.

குளிர் வேறொரு வகையில் உதவுகிறது. மெதேன் உண்டாக்கும் உயிர்களின் வேகம் 10 பாகை ஏறினால் இரண்டு முதல் நான்கு மடங்காகும் என்பது பொதுவான கணிப்பு. ஆகவே அதே அளவு அழுக்குச் சேறு பதுளையிலோ கண்டியிலோ கிடந்தால் அதிகமாக விடும். நுவரெலியாவில் மெதுவாக விடும். நகரம் சூடேறினாலும், ஓடைக்கரை மரங்களை வெட்டினாலும் இந்த நன்மையும் குறையும்.

03.03.2024

கண்டியிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: அங்கே மெத எல என்ற நகரக் கால்வாயின் பெரும்பகுதிக்குச் சுவர் கட்டியாகிவிட்டது, எல்லா நகர ஓடைகளையும் கொங்கிறீற்றால் மூடிக் கட்டிவிட்டால் சேறும் இல்லை, மெதேனும் இல்லை என்பது அவர் வாதம்.

மெத எல, கண்டி வாவியிலிருந்து வழியும் நீரை நகரத்துக்குள்ளால் கொண்டுசென்று மகாவலியில் சேர்க்கிறது. வாவியை 1807-இல் கட்டுவித்தவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நகரத்தின் கழிவுநீர் நீண்டகாலமாக அந்தக் கால்வாயில் கலந்து வந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. நான் கண்டியில் பயிற்சிக் கலாசாலைக் காலத்தில் அதன் கரையோரமாக நடந்திருக்கிறேன். சுவர் இருந்தது, சுவர்களுக்கு நடுவில் சேறும் இருந்தது. ஒரே அகலத்தில் தட்டையாகக் கட்டிய கால்வாயில், வறண்ட மாதங்களில் நீர் மெல்லிய படலமாகப் பரவி வேகம் இழக்கிறது. கொண்டுவந்த மண்ணையும் கழிவையும் அங்கங்கே போட்டுவிடுகிறது. கொங்கிறீற்று அடியில் கற்களுக்கிடையே நீர் புகுந்து வரும் வழியும் கிடையாது. அப்படியான அடியில் படியும் சேறு கல் படுகையில் படியும் சேற்றை விட மோசமான நிலையில் கிடக்கும்.

வெள்ளம் வரும் இடத்தில் கரையைக் காக்கச் சுவர் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மண் சரியும் ஊரில் இருந்துகொண்டு அதை மறுக்க முடியாது. சுவர் கரைக்கு வேண்டும், அடிக்கு வேண்டாம். கண்டியில் உண்மையான மாற்றத்தைத் தரக்கூடியது, நகரக் கழிவுநீரைக் குழாய் வழியே கன்னொறுவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடுதான்.

10.03.2024

பெப்ரவரி 18-ஆம் திகதிக் குறிப்பில் ஒரு பெரிய பிழை செய்திருக்கிறேன். திருத்தாமல் விட முடியாது.

பாறைச் சரிவுக்குக் கீழே ஓடை தன்னைச் சுத்தப்படுத்திக்கொண்டுவிட்டது என்று எழுதினேன். பல்கலைக்கழகத்தில் நீர்வளம் படிக்கும் என் பழைய மாணவி அதைப் படித்துவிட்டு, "சேர், ஒட்சிசன் உள்ளே வந்த வாசலால் மெதேன் எங்கே போனது?" என்று ஒரே வரியில் கேட்டாள். அன்றிரவு முழுவதும் அதையே யோசித்தேன்.

நீரும் காற்றும் கொந்தளித்துக் கலக்கும் இடத்தில் நீரில் குறைவாக உள்ள வாயு உள்ளே நுழைகிறது. நீரில் மிகையான வாயு வெளியே போகிறது. ஒட்சிசன் குறைந்திருந்தது, ஆகவே வந்தது. மெதேன் மிகையாக இருந்தது, ஆகவே போனது. சுத்தமானது நீர், போன மெதேன் வளிமண்டலத்தில் இருக்கிறது. இஞ்சி பியர் போத்தலைக் குலுக்கித் திறந்தால் வாயு போய்விடும், பானம் சப்பென்று ஆகிவிடும். சப்பென்ற பானத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு இதில் வாயு இருந்ததே இல்லை என்று சொன்னால் எவ்வளவு பிழையோ, அந்தப் பிழையைத்தான் நான் செய்தேன்.

ஒரு காட்டு ஓடை காற்றோடு சமநிலையில் இருந்தால், அதில் கரைந்திருக்கும் மெதேன் லீற்றருக்கு ஒரு மைக்கிரோகிராமின் இருபதில் ஒரு பங்கு அளவே. அதற்கு மேல் உள்ளதெல்லாம் வெளியேறக் காத்திருப்பது. எவ்வளவு வெளியேறும் என்பது கரைந்திருக்கும் அளவையும், நீர்ப்பரப்பினூடே வாயு கடக்கும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. சமதரைக் கால்வாயில் இந்த வேகம் குறைவு. வாயு மெதுவாகக் கசியும், போகும் வழியில் மெதேனை உண்ணும் பற்றீரியாக்கள் அதில் ஒரு பகுதியைக் காபனீரொட்சைட்டாக்கிவிடவும் நேரம் இருக்கும். செங்குத்தான மலை ஓடையில் அந்த நேரம் இல்லை. மதகடியில் கரைந்தது அடுத்த பாறைச் சரிவிலேயே காற்றுக்குப் போய்விடுகிறது.

ஆக, கேள்வி கேட்டவர் சொன்ன அதே காரணம், "கல்லில் மோதி ஓடுகிறது" என்பது, எதிர்ப்பக்கத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. கல்லில் மோதுவது புதிதாக மெதேன் உண்டாவதைத் தடுக்கும். ஏற்கனவே உண்டானதை விரைவாக வெளியேற்றும். மலைநாட்டு நகர ஓடையில் சேற்றுக்குழியும் பாறைச் சரிவும் மாறி மாறி வருவதால், ஒன்று உண்டாக்க, அடுத்தது வெளியேற்றுகிறது. இனி எவராவது மலை ஓடையில் ஒரே இடத்தில் போத்தலில் நீர் எடுத்துச் சோதித்து, மெதேன் குறைவு என்று அறிக்கை எழுதினால், அந்தப் போத்தல் சரிவுக்கு மேலே நிரப்பப்பட்டதா கீழே நிரப்பப்பட்டதா என்று கேளுங்கள். குமிழியாக எழும் பங்கோ நீர்ப் போத்தலில் அகப்படுவதே இல்லை.

11.03.2024

இன்னொரு திருத்தம். 80 மடங்கு என்று முதல் குறிப்பில் கால அளவு சொல்லாமல் எழுதினேன். 20 ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கு. 100 ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 27 மடங்கு. மெதேன் வளிமண்டலத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே தங்குவதால் இந்த வேறுபாடு. உலகின் ஆறுகளும் ஓடைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 2.8 கோடி தொன் அளவில் மெதேன் விடுகின்றன என்று 2023-இல் வெளியான ஒரு கணிப்புக் கூறுகிறது. எல்லா மூலங்களிலிருந்தும் வருவது 60 கோடி தொன் அளவு. எங்கள் டவுன் ஓடை அதில் ஒரு துளி. துளி என்பதற்காகச் சொல்லாமல் விடவும் இல்லை, துளியைக் கடல் என்று சொல்லவும் இல்லை.

24.03.2024

உரம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மரக்கறித் தோட்டங்களிலிருந்து யூரியாவும் கோழி எருவும் ஓடைக்கு வருகின்றன. ஆகவே மெதேன் கூடும் என்பது அவர்கள் முடிவு. கோழி எருவுக்கு அது பொருந்தும். அது சேற்றுக்கு நேரடி உணவு. நைத்திரேற்றாக வரும் உரத்துக்கு அப்படியே பொருந்தாது. சேற்றில் நைத்திரேற்று இருக்கும்வரை, அதைக் கொண்டு சுவாசிக்கும் பற்றீரியாக்கள் உணவைத் தமதாக்கிக்கொள்ளும். மெதேன் உயிர்களின் முறை பிந்தும். ஆனால் பற்றீரியாக்கள் நைத்திரேற்றைக் கொண்டு சுவாசிக்கும்போது நைதரசு ஒட்சைட்டு என்ற வேறொரு பச்சைவீட்டு வாயு தப்பிப் போகலாம், ஆகவே இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மலசலக் கழிவு கொண்டுவரும் அமோனியா இன்னும் தீயது. ஒரு கிராம் அமோனிய நைதரசன் நைத்திரேற்றாக மாற ஏறத்தாழ 4.6 கிராம் ஒட்சிசன் செலவாகும். லீற்றருக்கு 8 மில்லிகிராம் மட்டுமே கொண்ட ஓடைக்கு இது எவ்வளவு பெரிய கடன் என்று பாருங்கள்.

எங்கள் செம்மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரவலய மலைகளின் மண்ணில் இரும்பு ஒட்சைட்டு நிறைய உண்டு. அது சேற்றில் கலந்தால், அந்த இரும்பைக் கொண்டு சுவாசிக்கும் பற்றீரியாக்கள் மெதேன் உயிர்களுக்கு முன்னால் உணவை எடுத்துக்கொள்ளும். கரட் கழுவும் இடத்தில் கல் இடைவெளி முழுதாக அடைபட்டும் குமிழி குறைவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அதே செம்மண் மதகடிக்கு வந்து கழிவோடு கலந்து, இரும்பும் தீர்ந்த பிறகு கறுப்பாகிவிடுகிறது.

கரையோரத்தில் எண்ணெய் மிதப்பது போன்ற வானவில் நிறப் படலத்தைக் கண்டு கராஜிலிருந்து எண்ணெய் விடுகிறார்கள் என்று ஒருவர் முறையிட்டிருந்தார். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி போலத் துண்டு துண்டாக உடைந்தால் அது இரும்புப் படலம். சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். எங்கள் ஓடையில் பெரும்பாலான இடங்களில் உடைகிறது. ஓர் இடத்தில் ஒன்றுசேர்கிறது; அந்தக் கராஜ்காரரிடம் நேரில் பேசினேன்.

15.04.2024

வசந்தகாலச் சனக்கூட்டம். நுவரெலியாவில் விடுதிகள் நிரம்பினால், விடுதிகளின் கான்களும் நிரம்புகின்றன. இன்று விடியற்காலை 5.30-க்கு மதகடியில் நீர் எடுத்தேன். விங்கிளர் கரைசல்களைச் சேர்த்தபோது வீழ்படிவு வெள்ளையாகவே நின்றது. கபிலமாக மாறவே இல்லை. ஒட்சிசன் இல்லாத நீர் அப்படித்தான் காட்டும். 31 ஆண்டுகளில் வகுப்பில் பாடமாக எழுதினேனே தவிர, கண்ணால் கண்டது இன்றைக்குத்தான். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நின்றேன்.

பிற்பகல் 2 மணிக்கு அதே இடத்தில் மெல்லிய கபிலம். வெயிலில் பாசி ஒட்சிசன் விடுகிறது; இரவில் அதே பாசி ஒட்சிசனை எடுத்துக்கொள்கிறது. அளவு எடுக்க வருகிறவர்கள் காரியாலய நேரத்திலேயே வருவதால் விடியற்காலை ஓடையை எவரும் பார்ப்பதில்லை.

05.05.2024

சம்புப் புல்லைப் பிடுங்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: சம்பு போன்ற தாவரங்களின் தண்டுக்குள் காற்றுக்குழல்கள் உண்டு. அவற்றால் ஒட்சிசன் வேருக்கு இறங்கும். மெதேனும் சேற்றிலிருந்து நேரே காற்றுக்கு ஏறும். நன்மையும் தீமையும் ஒரே குழலில். அதைவிட முக்கியமாக, தாவரம் அடர்ந்தால் நீர் வேகம் குறைந்து மண் படியும். கரையில் இருக்கட்டும், நடு ஓட்டத்தை அடைக்கும்போது மட்டும் வெட்டி, வெட்டியதைக் கரைக்கு மேலே கொண்டுபோய்ப் போடுங்கள். ஓடையிலேயே அழுக விடுவது வெட்டாமல் இருப்பதை விட மோசம்.

27.05.2024

தென்மேற்குப் பருவமழை ஒரு வாரமாகப் பெய்கிறது. மதகடிச் சேறு முழுவதும் போய்விட்டது. புனலில் குமிழி இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள்.

சேறு எங்கே போனது? நுவரெலியா நகரச் சேற்றின் ஒரு பகுதி கிரகரி வாவியில் தங்குகிறது. 1873-இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உண்டாக்கப்பட்ட அந்த வாவி, இத்தனை ஆண்டுகளாக மலையின் மண்ணை வாங்கி வாங்கித் தூர்ந்துவருகிறது. தங்காதது நானு ஓயா என்ற ஆற்றில் இறங்கி, தலவாக்கலைப் பக்கத்தில் கொத்மலை ஓயாவில் சேர்கிறது; அங்கே 2012 முதல் இயங்கும் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் இருக்கிறது. தேங்கிய நீரின் அடியில் படிந்த சேறு அங்கே தன் வேலையைத் தொடரும். நீர்மட்டம் திடீரென்று இறங்கும்போது மேலிருக்கும் அமுக்கம் குறைந்து குமிழிகள் கூடுதலாக எழும்; நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் அடிக்கடி ஏறி இறங்குவது தெரிந்ததே. வெள்ளம் எங்கள் டவுனின் சேற்றை வேறு ஊருக்கு அனுப்பியிருக்கிறது, அழிக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இயந்திரம் கொண்டுவந்து மதகடியைத் தோண்டினார்கள். தோண்டிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் பாதி மறுபடி ஓடைக்குள் வந்தது. அதோடு, இடுக்குகளில் இருந்த பெருங்கற்களையும் சேர்த்து அள்ளிவிட்டார்கள். அந்தக் கற்கள்தான் வறண்ட காலத்திலும் நீரை ஒடுக்கி வேகமாக ஓடச் செய்தவை. கற்கள் போன பிறகு குழி அகலமாகி, சேறு முன்னைவிட விரைவாகச் சேர்ந்தது. அப்போது நானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கற்களை விடச் சொல்லிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அது இன்றும் மனத்தில் உறுத்துகிறது.

16.06.2024

கேள்வி கேட்ட ஹட்டன் வாசகர் எழுதியிருக்கிறார். தன் டவுன் ஓடையில் மூன்று இடங்களில் தடி ஊன்றியிருக்கிறார். பருவமழையிலும் ஓர் இடத்தில், பழைய பாலத்தின் தூணுக்குப் பின்னால், குமிழி வந்ததாம். "கருத்தை மாற்றிக்கொள்கிறேன், ஆனால் என்ன செய்வது என்று சொல்லவில்லையே" என்கிறார்.

இங்கே நாங்கள் தொடங்கியதை மட்டும் சொல்கிறேன். கரட் கழுவும் நான்கு பேர், கழுவிய நீர் நேரே ஓடைக்கு விழாமல், இரண்டு குழிகளில் நின்று மண் படிந்த பிறகு வழியும்படி வெட்டியிருக்கிறார்கள். குழியில் படிந்த மண்ணை வாரி மறுபடி பாத்திக்கே போடுகிறார்கள். அது அவர்களுடைய நல்ல மேல்மண் என்பதால் இரண்டாம் தடவை எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதகின் வாயில் சிக்கும் பொலித்தீனை இரண்டு கிழமைக்கு ஒருமுறை இளைஞர்கள் எடுக்கிறார்கள். அள்ளிப் போன கற்களுக்குப் பதிலாக, மதகுக்கு மேலே கரையோரம் பத்துப் பதினைந்து பெருங்கற்களை வைத்து ஓட்டத்தை நடுவுக்கு ஒடுக்கியிருக்கிறோம். வெள்ளம் வந்தால் மதகை அடைக்காத அளவுக்கு, பொறியியல் தெரிந்த ஒருவரைக் கேட்டுத்தான் வைத்தோம். மலசலகூடக் குழிகளுக்கு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. லயத்துக்குப் பின்னால் வேறு நிலம் இல்லாதவர்களிடம் குழியைத் தள்ளி வெட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது? அது காணி கொடுக்க வேண்டியவர்கள் தீர்க்க வேண்டிய காரியம்; அதைத் தீர்க்காமல் மதகடிச் சேறு முழுதாகத் தீராது.

30.06.2024

புனலை மறுபடி வைத்தேன். அரைமணி நேரத்தில் இரண்டு குமிழி. கற்கள் வைத்த பலன் என்று சிலர் மகிழ்கிறார்கள். மழைக்கால ஓட்டத்தில் எடுத்த இந்த அளவைப் பெப்ரவரி அளவோடு வைத்துப் பார்க்க முடியாது; அப்போது நீர் வற்றி, கணுக்கால் அளவுக்கு இருந்தது. ஒப்பிடத் தகுந்த அடுத்த நாள் வரும் பெப்ரவரியில்தான் கிடைக்கும். ஹட்டன் வாசகரிடம் கேட்டிருக்கிறேன்: 11.02.2025 விடியற்காலை 5.30-க்கு அவர் தன் பாலத்தூணுக்குப் பின்னாலும் நான் எங்கள் மதகடியிலும், ஒரே அளவுப் புனலோடு, அரைமணி நேரம். சரிவுக்கு மேலே ஒரு போத்தல் நீர், கீழே ஒரு போத்தல் நீர். அவருக்கான புனலை நாளை காலை பஸ்ஸில் அனுப்புகிறேன்.